சிவப்புப் பொட்டு வைத்த சரக்கு

வாராக்கடன் ஏன் ஏற்படுகிறது என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்துவிடுவார்கள். ஏசி ஹால், தண்ணீர் பாட்டில், ஆளுக்கு ரெண்டு பிஸ்கட், திரையில் ஒரு பட்டியல். வேண்டுமென்றே கட்டாதவர்கள், வாங்கிய பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பியவர்கள், மழை பொய்த்தது, சந்தை விழுந்தது, மேலிடத்துச் சிபாரிசு. பேசுகிற ஆசாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரு பட்டறைக்குள் போய், செருப்பில் இரும்புச் சுருள் குத்தித் திரும்பி வந்தவனாகத் தெரியாது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தின்றுகொண்டே "அடப் போப்பா" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். கடன் கொடுத்த அதிகாரி தனியாளாக இருந்தாள், யாராவது கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டால் போதும் என்று கிடந்தாள் என்று ஒரு வரி அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எனக்குத் தெரிந்து ஒரு கடன் அப்படித்தான் கெட்டது. அதில் ரிடயர்டு டீச்சர் ஒருத்தியின் வீடு போனது.

பேங்க்கில் பதவி உயர்வு வாங்கினால் பெட்டியைக் கட்ட வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் எனக்குப் புனே கிடைத்தது. திருச்சியில் அம்மா போன பிறகு வீட்டில் நான் மட்டும்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஏன் என்பது இங்கே தேவையில்லை. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காததால் வந்துவிட்டேன்.

ஔந்த் பகுதியில் ஒற்றைப் படுக்கையறை ஃப்ளாட். லிஃப்டில் எல்லாரும் சிரிப்பார்கள், அதோடு சரி. எதிர் பிளாக்கில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஐடி ஜோடி ஒன்று இருக்கிறது என்று வாட்ச்மேன் சொன்னார். ஆசை ஆசையாகப் போய்க் கதவைத் தட்டி, "நீங்க தமிழா?" என்று கேட்டேன். "யெஸ் ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு. காதிலிருந்து ஹெட்போனை எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்தாளாம். அப்புறம் நான் போகவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

பகல் முழுக்க ஹிந்தியும் இங்கிலீஷும் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க வேலை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிறவரை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போன வாரங்கள் உண்டு. திங்கட்கிழமை வாட்ச்மேனுக்குப் பதில் சொல்லும்போதுதான் தொண்டை கட்டியிருப்பது தெரியும். ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வேலை ஜாஸ்தி, அதனால் அலுப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் கிளை தாபோடிக்குப் பக்கத்தில். சின்னச் சின்னப் பட்டறைகளுக்குக் கடன் கொடுப்பதுதான் என் மேஜையின் வேலை. ஒருநாள் நான் திருச்சி வீட்டுக்குக் குடிவந்தவனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தேன், மூணு மாசமாகத் தண்ணி வரி கட்டாமல் இருந்தான் பாவி. போனை வைத்து நிமிர்ந்தால், எதிரே ஒருத்தர் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"மேடம் நம்ம ஊரா? இவ்ளோ நல்லா திட்டறீங்களே!"

அவர்தான் அந்தப் பட்டறைக்காரர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவ வேலைக்கு வந்து, புனேயில் கேம்ப் என்று சொல்கிற பழைய ராணுவக் குடியிருப்புப் பகுதியில் தங்கிப்போன கிறிஸ்தவக் குடும்பம். அவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சில் பாதி ஹிந்தி. ஆனால் பேசுவார், விடாமல் பேசுவார். தாபோடியில் ரயில் பாதைக்குப் பின்னால் பட்டறை. நாலு லேத், கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின் ஒன்று, ஏழு ஆட்கள். சின்ன டெம்போ வண்டிகளின் அடிப்பாகத்தில் மாட்டுகிற இரும்புத் தாங்கிகளைக் கடைந்து ஒரே ஒரு கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரிக் கடனில் நம்பிக்கை முழுவதும் ஒரு காகிதத்தில் இருக்கிறது. பட்டறையில் இவ்வளவு சரக்கு இருக்கிறது, வெளியிலிருந்து இவ்வளவு வர வேண்டும் என்று அவர் மாசாமாசம் எழுதிக் கொடுப்பார். அந்த அளவுக்கு ஏற்றபடி பேங்க் பணம் எடுக்க விடும். எழுதியது நிஜமா என்று ஒரு அதிகாரி அவ்வப்போது நேரில் போய்ப் பார்த்து, "சரக்கு சரிபார்க்கப்பட்டது" என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த அதிகாரி நான்.

முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை. வேலையை முடித்துக் கிளம்பும்போது, "மேடம், எங்க அக்கா கேம்ப்ல இருக்கா. நீங்க தனியா இருக்கீங்கன்னு சொன்னேன். சாப்பிடாம அனுப்பினா என்னைக் கொன்னுடுவா" என்றார். கடன் வாங்கியவர் வீட்டில் ஒரு டீ குடிக்கலாம், சாப்பிடக் கூடாது. எனக்குத் தெரியாதா என்ன? புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அவர் ஸ்கூட்டருக்குப் பின்னால் ரிக்‌ஷாவில் போனேன்.

அக்காவுக்கு அறுபது தாண்டியிருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் கான்வென்ட்டில் கணக்கு டீச்சர். அவளும் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா சீக்கிரம் போனதால் தம்பியைப் படிக்க வைத்ததும் ஆளாக்கியதும் அவள்தான். பிராவிடண்ட் ஃபண்டையும் சேமிப்பையும் துடைத்துப் போட்டு வாங்கிய ரெண்டு அறை ஃப்ளாட், ரெண்டாவது மாடியில், சர்ச்சுக்கு நடக்கிற தூரத்தில். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சலோ, கை கழுவிட்டு வா. ஆறிடும்" என்றாள். மேடமும் கிடையாது, வாங்க போங்கவும் கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயம் நறுக்கிய காற்று என்று சமாளித்தேன்.

ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டோம். அயிலை மீன் குழம்பு. அவள் பாங்கடா என்பாள், நான் அயிலை என்பேன், அதற்கே அரை மணி நேரம் சண்டை போடலாம். தேர்வுத் தாளில் பிள்ளைகள் எழுதிய அபத்தங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தாள். நான் பேசினேன் பாருங்கள், அணை உடைத்துக்கொண்ட மாதிரி. திருச்சி, அம்மா, குடிவந்தவன், மேனேஜரின் குறட்டை, எல்லாம். கிளம்பும்போது அவள் ஒரு டப்பாவில் மிச்சக் குழம்பைப் போட்டுக் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அப்புறம் போவதற்குச் சாக்கு தேவைப்படவில்லை.

ரெண்டு வருஷம் அப்படிப் போனது. பேங்க் வேலைக்குச் சனிக்கிழமை விடுமுறை இல்லாத வாரங்களில் பட்டறையைப் பார்த்துவிட்டு அங்கே சாப்பாடு, விடுமுறை வாரங்களில் நேராகச் சாப்பாடு. பட்டறையில் பத்து நிமிஷம், வீட்டில் நாலு மணி நேரம்.

பட்டறைக்குக் கெட்ட காலம் தொடங்கியதில் அவர் தப்பு என்று ஒன்றும் பெரிதாக இல்லை. வாங்குகிற கம்பெனி ரெண்டு மாசத்தில் பணம் தர வேண்டும். அது மூணு மாசமாயிற்று, நாலரை மாசமாயிற்று. போய்க் கேட்டால் அங்கே இருக்கிற அதிகாரி டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த மாசம் கண்டிப்பா" என்பார். இவர் அதை நம்பி ஆட்களுக்கு "அடுத்த மாசம்" என்பார். என்னிடமும் அதையே சொல்வார். நான் மேலிடத்துக்கு அதையே அழகான இங்கிலீஷில் எழுதுவேன். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லாருக்கும் அடுத்த மாசத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. இதற்கு நடுவில் ஆர்டரை ரெட்டிப்பாக்குகிறோம் என்று அந்தக் கம்பெனியில் யாரோ வாய்வார்த்தையாகச் சொல்ல, இவர் இன்னொரு மெஷின் வாங்கிப் போட்டார். ஆர்டர் ரெட்டிப்பாகவில்லை. மெஷினுக்கு மாதத் தவணை மட்டும் தவறாமல் வந்தது, சரக்கு வாங்க வேண்டிய பணத்தை எடுத்து அதைக் கட்டினார்.

பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. அளவு தப்பிப்போய் கம்பெனி வேண்டாம் என்று திருப்பிவிட்ட பாகத்தின்மேல் சிவப்பு பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பார்கள். நல்ல சரக்கோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. பொட்டு வைத்துவிட்டால் அதற்கு மதிப்புக் கிடையாது, பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடலாம். பட்டறைக் கடன் கொடுக்கிற எங்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் அது.

அன்றைக்கும் சனிக்கிழமைதான். பட்டறையின் பின்மூலையில் நீலத் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு குவியல். என் நெஞ்சு உயரம் இருக்கும். அந்த மாசக் காகிதத்தில் விற்பனைக்குத் தயார் என்று எழுதியிருந்த சரக்கில் பாதிக்குமேல் அதுதான். நான் போய்த் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினேன். வரிசையாகத் தாங்கிகள். ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பொட்டு.

திரும்பிப் பார்த்தேன். அவர் கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைக்க ஒன்றும் இல்லாத கையை. "கொஞ்சம் ரீவொர்க் பண்ணா போயிடும் மேடம்" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "அக்கா போன் பண்ணா. பாங்கடா வாங்கியிருக்காளாம். லேட்டானா திட்டுவா."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தக் குவியலைக் கணக்கிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். தள்ளியிருந்தால் அன்றைக்கே அவர் பணம் எடுப்பது நின்றிருக்கும். பட்டறை நொண்டியிருக்கும், ஒரு மெஷினை விற்க வேண்டி வந்திருக்கும், மூணு பேருக்கு வேலை போயிருக்கும். அவர் முகம் சுளித்திருப்பார், அக்காவிடம் போய்ச் சொல்லியிருப்பார். அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்க மாட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், தார்ப்பாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு அந்தக் கடைசி விஷயம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. தார்ப்பாயை விட்டுவிட்டேன். "போலாமா?" என்றேன். திங்கட்கிழமை "சரக்கு சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரெண்டு மாசம் கழித்து மார்ச் வந்தது. மார்ச்சில் எந்தக் கணக்கும் கெட்டுப்போகக் கூடாது என்று எல்லா மேனேஜர்களும் குட்டி போட்ட பூனையாக அலைவார்கள். எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "சரக்கு நிறைய இருக்குன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? கடன் அளவைக் கூட்டிக் கொடுத்துடலாம், பாக்கியைக் கட்டிடுவாரு" என்றார். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். எல்லாரும் செய்வதுதான், பெயரை மட்டும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மேலிடம் சரி என்றது, ஒரே ஒரு நிபந்தனை: ஏதாவது வீடு அடமானமாக வேண்டும். பட்டறை வாடகை இடம், அவர் குடியிருந்ததும் வாடகை வீடு.

அக்கா கிளைக்கு வந்தாள், சர்ச்சுக்குக் கட்டுகிற புடவையில். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். இந்த வேலையில் இத்தனை வருஷத்தில் முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட ஆள் அவள் ஒருத்திதான். கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான் பட்டறைக்குள்ள போனா எனக்கு என்ன தெரியும்? தம்பி நல்லா நடக்குதுன்னுதான் சொல்வான், அவன் எப்பவும் அப்படித்தான். நீ போய்ப் பாக்கற. நீ சொல்லு. நல்லா நடக்குதா?"

"பாத்தேன் டீச்சர். நல்லாத்தான் நடக்குது."

"அச்சா, அது போதும்" என்று கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் எட்டு மாசம்கூட ஆகவில்லை. அந்த டெம்போ மாடலையே நிறுத்திவிட்டார்கள். கம்பெனி கொடுக்க வேண்டிய பணத்தில், திருப்பி அனுப்பிய சரக்குக்கெல்லாம் கழித்துக்கொண்டு, மிச்சம் ஒன்றும் இல்லை என்று ஒரு கடிதம் மட்டும் அனுப்பியது. ரெண்டு மெஷினும் பாதி விலைக்குப் போயின, லேத்துகள் இரும்பு விலைக்கு. கூட்டிக் கொடுத்த கடன் அப்படியே நின்றது. வட்டி கட்டுவதும் நின்றுபோனது. மூணு மாசம் கட்டாததும் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போனது, அடமானம் வைத்த வீட்டுக்கு நோட்டீஸ் போனது. நோட்டீஸை டைப் பண்ணியவன் விலாசத்தில் மாடி எண்ணை விட்டிருந்தான். ரெண்டாவது மாடி என்று எழுதிச் சேர்த்தது நான்தான்.

சனிக்கிழமைகளில் போவதை நிறுத்திவிட்டேன். போகக் கூடாது என்பது விதி, இந்தத் தடவை விதி எனக்கு வசதியாக இருந்தது. அக்கா மூணு தடவை போன் பண்ணினாள். பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், அதுவாக அடித்து அடங்கியது. பழையபடி ஞாயிற்றுக்கிழமை, பழையபடி பேச்சில்லாத வீடு. முன்னால் இருந்த தனிமையாவது தானாக வந்து சேர்ந்தது. இது நானே வாங்கிப் போட்டுக்கொண்டது, வலி ஜாஸ்தி.

மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. சரக்கு அவ்வளவு இருந்ததா, பார்த்தீர்களா என்று எழுத்தில் கேட்டார்கள். "கண்ணுக்குத் தெரிந்த சரக்கில் சில மட்டும் மாதிரிக்காகச் சரிபார்க்கப்பட்டன" என்று எழுதினேன். எத்தனை கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! இனிமேல் கவனமாக இருக்கவும் என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. கடன் கெட்டதற்குக் காரணம் என்ற கட்டத்தில் "சந்தைச் சரிவு" என்று போட்டு ஃபைலை மூடினார்கள்.

வீட்டை எடுத்துக்கொள்ளும் நாள் வந்தபோது கிளையிலிருந்தும் ஒரு ஆள் கூடவே வர வேண்டும் என்றார்கள். மேனேஜர் லீவு போட்டுவிட்டார். நான் போனேன். பெரிய ஆபீஸிலிருந்து வந்த மராத்தி அதிகாரி ஒருத்தர், போட்டோ எடுக்க ஒரு பையன், சாட்சிக்கு ரெண்டு பேர். ஆளில்லாத வீட்டுப் பூட்டை உடைத்ததைப் பார்த்திருக்கிறேன், வாசலில் படுத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஒன்றும் இல்லை. சாமான்கள் காலையிலேயே டெம்போவில் தம்பியின் தாபோடி வீட்டுக்குப் போயிருந்தன. அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தாள், தோளில் ஒரு கைப்பை. தரையைக் கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். ஈரத்தில் எங்கள் செருப்புத் தடம் பதிந்தது.

நான் காகித அட்டையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் என்னென்ன விட்டுப் போகிறார்கள் என்று பட்டியல் எழுதினேன். ஃபேன் இரண்டு. டியூப்லைட் மூன்று. சமையல் மேடை, கடப்பா கல். தலையை நிமிர்த்தவே இல்லை. அக்கா ஒப்படைப்புக் காகிதத்தை முழுசாகப் படித்துக் கையெழுத்துப் போட்டு, சாவியை அதிகாரியிடம் கொடுத்தாள். அப்புறம் சமையலறை வாசலுக்கு வந்து, சாதாரணக் குரலில், தமிழில் கேட்டாள். அந்த வீட்டில் இருந்தவர்களில் எங்கள் ரெண்டு பேருக்குத்தான் அது புரியும்.

"ஒண்ணு கேக்கணும். தம்பி சொல்றான், மேடத்துக்குத் தெரியாது, நான்தான் கெட்ட சரக்க மூடி வெச்சு ஏமாத்தினேன்னு. பைபிள் மேல கை வெச்சுச் சொல்றான். அவன் பொய் சொன்னா எனக்குத் தெரியும், சின்ன வயசுலேருந்து தெரியும். நீ சொல்லு. அன்னைக்கு நீ பாத்தியா, பாக்கலையா?"

அதிகாரி என்ன விஷயம் என்று ஹிந்தியில் கேட்டார். ஒன்றுமில்லை சார் என்றேன்.

"பாத்தேன் டீச்சர். தார்ப்பாயத் தூக்கிப் பாத்தேன். எல்லாத்துலயும் சிவப்புப் பொட்டு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல? நான் கேட்டேனே. பேனாவக் கையில வெச்சுக்கிட்டுக் கேட்டேனே."

அவள் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. போடவில்லை. கையிலிருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "சொன்னா நீங்க என்னைக் கூப்பிட மாட்டீங்கன்னு பயமா இருந்துச்சு. சாப்பிட."

அவள் என்னைப் பார்த்தாள். தப்பான விடை எழுதிய பிள்ளையிடம், எந்த வரியில் தப்புப் பண்ணினாய் என்று தேடுகிற பார்வை.

"கோவம் வந்திருக்கும்" என்றாள். "நிச்சயமா வந்திருக்கும். தம்பி பொழப்புல கைய வெச்சிட்டாளேன்னு ஒரு மாசம் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன். ஒரே ஒரு மாசம். அப்புறம் நானே போன் பண்ணிக் கூப்பிட்டிருப்பேன்."

பையைத் தோளில் சரிபண்ணிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டீச்சர் போன் பண்ணவில்லை.